"நான் ஒண்ணுமே பண்ணலை சார்!"

ராத்திரி ஒன்பதரை மணி. தட்டில் சாதத்தைப் போட்டு, ரசத்தை ஊற்றப் போகிறேன். இவருடைய செல்போன் அலறுகிறது.

"சார், கம்ப்யூட்டர் செத்துப் போச்சு சார்!"

"என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலை சார்!"

இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் ரசம் ஆறத்தான் போகிறது!

என் கணவர் திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக் கொள்ளும் வேலையில் இருக்கிறார். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டம் சார்'. அங்கே இருப்பது நூற்றுப்பத்து கம்ப்யூட்டர்கள். பார்த்துக் கொள்ள இவரும், உதவிக்கு ஒரு பையனும்தான். நான் பிளஸ் டூவோடு நின்றவள். ஆனாலும் கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில், இவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து போன் பேச்சைக் கேட்டுக் கேட்டே பாதி வேலையைக் கற்றுக் கொண்டு விட்டேன். சகோதரிகளில் பலர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள். மற்றவர்கள் வீட்டிலும் கணவரோ, பிள்ளையோ, மருமகளோ இந்த வேலைக்குப் போகிறார்கள். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

கை சும்மா இருக்காதே!

இவர் சொல்லுகிற கதைகளைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள்.

ஒருவர், "சார், நான் ஒரு எழுத்து அடிச்சா, அடுத்த எழுத்தைக் கம்ப்யூட்டர் சாப்பிட்டுடுது" என்று அலறியிருக்கிறார். வேறொன்றுமில்லை, 'இன்சர்ட்' என்கிற பொத்தானில் தெரியாமல் கை பட்டிருக்கிறது. இன்னொரு தடவை அதையே அழுத்தினால் சரியாகி விடும். அவரோ அரை நாள் அதோடு மல்லுக்கட்டி, கிடைத்த பொத்தானையெல்லாம் அழுத்தி, வேறு நாலு கோளாறையும் வரவழைத்து விட்டார்.

இன்னொருவருக்குத் திரையே தலைகீழாகத் திரும்பி விட்டது. பழைய கம்ப்யூட்டர் சிலவற்றில் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் அப்படி ஆகுமாம். பாவம், கழுத்தை வளைத்துக் கொண்டே ரெண்டு மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார்!

ஆயுதபூஜை வந்தால் இவருக்குத் தனிக் கவலை. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பது நமக்கு வழக்கம்தானே? வைக்கட்டும். ஆனால் பக்தி மேலிட்டு, காற்று வெளியே வருகிற ஓட்டையெல்லாம் சந்தனத்தால் அடைத்து, அதன் மேல் மாலையையும் சாத்தி விட்டு, "சார், சூடாகி சூடாகி நின்னு போகுது" என்றால் என்ன செய்வது? "மூக்கைப் பொத்தி வச்சுட்டு மூச்சு விடலையேன்னா எப்படி?" என்பார் இவர்.

மழைக் காலத்தில் ஒரு பெண், யூ.பி.எஸ். பிளக்கில் வெந்நீர் கெட்டிலைச் சொருகி விட்டாள். கம்ப்யூட்டரின் சின்னச் சுமைக்கென்று வைத்த இடத்தில் தண்ணீர் காய்ச்சும் சாதனத்தைப் போட்டால் தாங்குமா? அந்த வரிசையில் இருந்த எட்டுக் கம்ப்யூட்டரும் பட்டென்று அணைந்தன. சேமிக்காத வேலையெல்லாம் போச்சு.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ஒயர் கதை. எல்லாக் கம்ப்யூட்டரின் நெட் ஒயரும் வந்து சேருகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. 'ஸ்விட்ச்' என்று பெயர். நம் வீட்டு லைட் சுவிட்ச் இல்லை. அதிலிருந்து ஒரு ஒயரின் முனை தரையில் கிடந்திருக்கிறது. யார் காலிலாவது தட்டுமே என்ற நல்லெண்ணத்தில் ஒருவர் அதை எடுத்து, அதே பெட்டியில் காலியாக இருந்த இன்னொரு துளையில் சொருகி விட்டார். அவ்வளவுதான்! ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில். அனுப்பிய தகவல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, வழியை அடைத்துக் கொண்டது. அந்த மாடி முழுக்க நெட் இல்லை. இவரும் பையனும் ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, காரணத்தைக் கண்டுபிடிக்க நாலு மணி நேரம் ஆயிற்று. சொருகிய மனுஷர் அத்தனை நேரமும் பக்கத்திலேயே நின்று, "என்ன ஆச்சு சார்? என்ன ஆச்சு சார்?" என்று கேட்டுக் கொண்டிருந்தாராம்!

டாக்டரிடம் பொய் சொல்லலாமா?

தப்பு செய்தது பெரிதில்லை என்பார் இவர். கை வைத்தால் கோளாறு வரத்தான் செய்யும். சொல்லாமல் மறைப்பதுதான் ஆளைக் கொல்லுகிறது.

வயிற்று வலி என்று டாக்டரிடம் போகிறோம். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறார். கல்யாண வீட்டில் ஒரு பிடி பிடித்ததை மறைத்து, "ரெண்டு இட்லிதான் டாக்டர்" என்றால் அவர் எதற்கென்று மருந்து கொடுப்பார்? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று சுற்ற வேண்டியதுதான். இங்கேயும் அதே கதைதான். "இடமே இல்லைன்னு வந்துச்சு, அதான் பேர் தெரியாத ஃபைலையெல்லாம் அழிச்சேன்" என்று முதலிலேயே சொன்னால் அரை மணியில் முடிகிற வேலை. அந்த வாக்கியம் வெளியே வர மூன்று மணி நேரம் ஆகிறது. அதுவரை இவர் துப்பறியும் சிங்கம் மாதிரி அலைய வேண்டும்.

இதனால் இவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து விட்டார். "வேளைக்குச் சாப்பிடணும், கோபம் கூடாது" என்றார். ராத்திரி பத்தரைக்கு ஆறிய சாப்பாட்டைச் சாப்பிடுகிறவருக்குக் கோபம் வராமல் என்ன வரும்? ஆபீஸிலும் கத்த ஆரம்பித்தார். நான்கூட, "அவங்க பண்றதுக்கு நீங்க நாலு வார்த்தை கேட்டாத்தான் புத்தி வரும்" என்று தூபம் போட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை

2023 ஆகஸ்ட் மாதம். கணக்குப் பிரிவில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா. பேரேடு எழுதிப் பழகிய கை. பத்து வருஷமாகத்தான் கம்ப்யூட்டர். காலை பதினொன்று பத்துக்கு அவருக்கு ஒரு ஈமெயில் வந்தது. 'பாக்கி பில்' என்று போட்டு ஒரு ஃபைல். தினமும் இப்படி இருபது பில் வரும். திறந்தார். பில் எதுவும் இல்லை. கறுப்பாக ஒரு சின்னக் கட்டம் வந்து மறைந்தது. அப்புறம் இவருடைய ஃபைல்களின் பெயரெல்லாம் ஒவ்வொன்றாக மாறுகிறது.

ஏதோ தப்பாகி விட்டது என்று அந்த அம்மாவுக்குப் புரிந்து விட்டது. ஆனால் போனை எடுக்கவில்லை. திரையை மட்டும் அணைத்து விட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக் கொண்டு சாப்பிடப் போய் விட்டார்.

திரையை அணைத்தால் கம்ப்யூட்டர் நிற்குமா? அது தன் பாட்டுக்கு வேலை செய்து கொண்டே இருந்தது. வந்தது, ஃபைல்களுக்குப் பூட்டுப் போட்டு விட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டுகிற வகை வைரஸ். அவருடைய ஃபைல்களை முடித்துக் கொண்டு, எல்லோரும் பொதுவாக வைத்திருந்த கணக்கு, சம்பளம், ஸ்டாக் எல்லாவற்றையும் பூட்டி விட்டது. நாலு மணிக்கு ஆபீஸ் முழுக்க ஒரே கூச்சல்.

எந்த இயந்திரத்தில் ஆரம்பித்தது என்று இவர் தேடிப் பிடித்தபோது நேரம் ஐந்தரை. பதினொன்று பத்துக்கு நடந்த விஷயம்!

"ஏன் மேடம் அப்பவே சொல்லலை? நெட் ஒயரைப் பிடுங்கியிருந்தா உங்க ஃபைலோட போயிருக்குமே!"

அந்த அம்மா அழுது விட்டாராம். "போன மாசம் பிரிண்டர் ஒயரைக் கழட்டினதுக்கு, 'இந்த வயசுல உங்களுக்கெல்லாம் எதுக்கு மேடம் கம்ப்யூட்டர்'னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்களே சார். மறுபடியும் அப்படிக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை."

இவருக்கு வாயடைத்துப் போயிற்று.

நல்ல வேளை, பணம் கொடுக்க வேண்டி வரவில்லை. சனிக்கிழமைதோறும் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியாகப் பூட்டி வைப்பது இவர் வழக்கம். மாட்டியபடியே விட்டிருந்தால் அதையும் வைரஸ் பூட்டியிருக்கும். ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் பதிவுகள் போனது போனதுதான். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் திறந்து, காகித பில்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அந்த அம்மாதான். பேரேடு எழுதிய கை அல்லவா? எந்த பில் எந்தக் கோப்பில் என்று அவருக்கு மனப்பாடம். அவர் இல்லாவிட்டால் இன்னும் ரெண்டு நாள் ஆகியிருக்கும் என்றார் இவர்.

என் குட்டு வெளிப்பட்டது

அந்த வியாழக்கிழமை ராத்திரி பன்னிரண்டுக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "தப்பு அந்தம்மா மேல இல்லை. நான் திட்டினது ஒரு நிமிஷம். அதுக்கு ஆபீஸ் கொடுத்த விலை நாலு நாள்" என்றார்.

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக் கொண்டது. ஏனென்றால் நானும் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன்.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், என் அப்பாவுக்கு எழுபது வயதாகி பீமரத சாந்தி நடந்தது. அம்மா கூறைப்புடவையில் மறுபடி கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்த போட்டோக்கள் எல்லாம் ஒரு பென்டிரைவில் இருந்தன. மகளின் பள்ளிக்கூட புராஜெக்டுக்கு இடம் வேண்டும் என்று, அதில் இருந்ததை நான்தான் அழித்தேன். கம்ப்யூட்டரில் அழித்தால் குப்பைத் தொட்டியில் கிடக்குமே, அங்கிருந்து எடுத்துக் கொள்ளலாம் என்று நினைப்பு. பென்டிரைவில் அழித்தால் அந்தத் தொட்டிக்கே போகாது என்று எனக்குத் தெரியாது!

தெரிந்தபோது பகீரென்றது. "நீங்க யாராவது இதைத் தொட்டீங்களா?" என்று இவர் கேட்டதற்கு, "நான் தொடவேயில்லைங்க" என்றேன். ஒரு வாரம் அதிலேயே மகள் புராஜெக்ட், சினிமா என்று மாற்றி மாற்றி ஏற்றினோம். பிறகு இவர் ஏதோ சாஃப்ட்வேர் போட்டு மீட்டுப் பார்த்ததில் நாற்பது படம்தான் தேறியது. மூன்று மாதத்தில் அம்மா தவறிப் போனாள். பென்டிரைவ் தானாகக் கெட்டு விட்டது என்றே இவர் நினைத்திருந்தார்.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் சொல்லி விட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அழிச்ச உடனே அதில் வேற எதையும் ஏத்தாம எங்கிட்ட கொடுத்திருந்தா, பெரும்பாலும் எல்லாமே வந்திருக்கும். அழிச்சாலும் படம் உள்ளேதான் இருக்கும். மேல வேற எழுதினாத்தான் போகும்" என்றார். "ஏன் சொல்லலை?"

"திட்டுவீங்கன்னுதான்."

ஒரே நாளில் ரெண்டு பெண்கள் இவரிடம் சொன்ன பதில் ஒன்றுதான்.

திட்டு கிடையாது!

திங்கட்கிழமை இவர் எல்லோர் முன்னாலும் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். திட்டியது எல்லோர் முன்னால்தானே? பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்: 'எதைத் தொட்டிருந்தாலும் உடனே சொல்லுங்கள். திட்டு கிடையாது.'

முதல் மாதம் போன் இரண்டு மடங்காயிற்று! "சார், நான் ஒண்ணு பண்ணிட்டேன்..." என்று ஆரம்பிக்கிற போன்கள். ஆனால் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயங்கள். போகப் போக ராத்திரி போன்கள் குறைந்தன. இப்போது வாரத்தில் நாலு நாளாவது சூடான ரசம் சாப்பிடுகிறார்.

நாம் கவனிக்க வேண்டியவை

இவரிடம் கேட்டு எழுதிக் கொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

1. கோளாறு வந்தால் கண்ட பொத்தானையும் அழுத்தாதீர்கள். திரையில் வந்த வாசகத்தை செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். 'என்னமோ வந்துச்சு, மூடிட்டேன்' என்றால் யாருக்கும் பயனில்லை.

2. கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். தெரியாமல் செய்ததையும் சேர்த்து.

3. சேமிக்க முடிந்ததைச் சேமித்து விட்டு ஒரு தடவை 'ரீஸ்டார்ட்' செய்து பாருங்கள். சமையல் மேடையில் பாத்திரம் குவிந்தால் துடைத்து விட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறோமே, அது மாதிரி. 'ஷட் டவுன்' செய்து மறுபடி போடுவது இதற்குச் சமமில்லை. இப்போதைய விண்டோஸ், சீக்கிரம் விழிப்பதற்காகப் பழைய நிலையில் கொஞ்சத்தை வைத்துக் கொண்டே தூங்குமாம்.

4. சந்தேகமான ஃபைலைத் திறந்து விட்டால், முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அடுத்த நிமிஷமே போன். 2022-ல் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அவர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நீங்கள் மறைத்தால் ஆபீஸால் எப்படிச் சொல்ல முடியும்? ஏமாந்து பணம் போய் விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். அதிலும் தாமதித்தால் பணம் கை மாறி விடும்.

5. 'அப்டேட் செய்யவா?' என்று கேட்டால் 'பிறகு, பிறகு' என்று தள்ளாதீர்கள். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற வைரஸ் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஏறக்குறைய 19,000 நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்கள் ரத்தாயின என்று கணக்கிட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது! போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக் கொண்டார்கள்.

6. பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டாதீர்கள். 123456 வேண்டவே வேண்டாம். திருட்டுப் போன பாஸ்வேர்டுகளை 2019-ல் இங்கிலாந்து அரசு ஆராய்ந்தபோது, அதைத்தான் 2 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளில் வைத்திருந்தார்களாம். உங்களுக்கு மட்டும் புரிகிற, சம்பந்தமில்லாத மூன்று நாலு வார்த்தைகளைக் கோத்து நீளமாக வையுங்கள்.

7. காபி கொட்டி விட்டால் உடனே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். 'காய்ஞ்சுடுச்சா பார்ப்போம்' என்று போட்டுப் பார்க்க வேண்டாம். 'சர்க்கரை போட்ட காபி' என்பதையும் சொல்லுங்கள். தண்ணீரை விட அதுதான் அதிகம் கெடுக்குமாம்.

8. தப்பாக எதையாவது அழித்து விட்டால், அந்த பென்டிரைவையோ மெமரி கார்டையோ அப்படியே கழற்றி வையுங்கள். அதில் புதிதாக ஒன்றையும் ஏற்றாதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்து கொண்டது.

9. முக்கியமான எதுவும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. குடும்பப் போட்டோக்களுக்கும் இது பொருந்தும்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் சகோதரர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 'என்ன பண்ணித் தொலைச்சீங்க?' என்று கேட்டால் 'ஒண்ணுமே பண்ணலை' என்றுதான் பதில் வரும். 'என்ன தெரியுது, சொல்லுங்க?' என்று கேட்டுப் பாருங்கள். உண்மை தானாக வரும். நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? கண்ணாடி டம்ளரை உடைத்த குழந்தையை நாலு அறை அறைந்தால், அடுத்த தடவை அது உடைந்த துண்டைச் சோபாவுக்கு அடியில் தள்ளி விடும். குத்துவது யார் காலில்?

போன வாரம் மகள் என்னிடம் வந்து, "அம்மா, உன் செல்போன்ல ஏதோ அழுத்திட்டேன், படமெல்லாம் காணலை" என்றாள். கையை ஓங்கத்தான் தோன்றியது. அடக்கிக் கொண்டு போனை அணைத்து இவரிடம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாப் படமும் வந்து விட்டன. அந்த நாற்பதில் மிஞ்சியிருந்த அம்மாவின் படங்களும்தான்.

அன்றைக்கே அவற்றை மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்து விட்டோம்.